நாவாய் அருங்காட்சியகத்தில் மண்டபம் கேம்ப்புக்கு இடம் உண்டா?

பாண்டியர்களின் கடல் வணிகச் சிறப்பை உலகறியச் செய்யும் வகையில் ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் 'நாவாய் அருங்காட்சியகம்' அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நம் மாவட்டத்துக்குக் கிடைத்திருக்கும் நல்ல அறிவிப்பு இது; நாம் வரவேற்கிறோம். அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும், பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட கடற்கரை இது. முத்தும் சங்கும் ஏற்றுமதியான வரலாற்றுக்கு ஒரு கூடம் அமைவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்தக் கட்டடத்துக்குள் கப்பல்களின் மாதிரி வைக்கப்படும். நங்கூரம் வைக்கப்படும். மன்னர்களின் பெயரும் வணிகக் குழுக்களின் பெயரும் பலகையில் எழுதப்படும். இந்தக் கரையிலிருந்து நூறாண்டுக்கு மேலாகத் தோணியிலும் நீராவிக் கப்பலிலும் ஏற்றிச் செல்லப்பட்ட நம் சேரி மக்களுக்கு அங்கே ஒரு சுவராவது உண்டா?

கண்டிச் சீமைக்குப் போனவர்களின் கதை நம் ஊர்களில் யாருக்கும் புதிதல்ல. 1820-களில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட ஆங்கிலேயர்கள் தொடங்கியபோது ஆள் தேவைப்பட்டது. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று வறட்சியும் பண்ணை அடிமைத்தனமும் வாட்டிய பகுதிகளிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய இடங்களிலிருந்து பாய்மரத் தோணிகளில் ஏறி, மன்னார், அரிப்புப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வழி. காலராவும் காய்ச்சலும் கண்டவர்களைத் தூக்கிச் செல்ல ஆள் கிடையாது. நடக்க முடியாதவரை வழியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது என்பதைத் தோட்டத் துரைமார்களின் காலத்துப் பதிவுகளே சொல்கின்றன. அந்தப் பாதையை நினைவுகூர்ந்து, 200 ஆண்டு நிறைவையொட்டி 2023-இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்தப் பாதையின் இந்தப் பக்கத்து முனை நம் மாவட்டம். இங்கே அதை நினைவூட்ட ஒரு கல்கூட இல்லை.

போனவர்கள் யார்? தோட்டங்களுக்குச் சென்றவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று அன்றைய ஆவணங்கள் எழுதிய நம் மக்கள். நிலம் வைத்திருந்த சாதிகளிலிருந்து போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் கங்காணியாகப் போனார்கள். ஊரில் யாரிடம் கைகட்டி நின்றோமோ அவருடைய உறவினரிடமே மலையிலும் கைகட்டி நின்றோம். லயங்களிலும் சாதிவாரியாகத்தான் குடியமர்த்தினார்கள். கடலைக் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று சாத்திரம் சொன்னது மேல்தட்டுக்கு. நமக்குக் கெட்டுப்போக ஒன்றும் இல்லாததால் தயக்கமின்றி ஏறினோம். ஆனால் சாதியும் நம்மோடு அதே தோணியில் ஏறி வந்துவிட்டது.

எல்லாம் துயரம் என்று மட்டும் எழுதிவிடவும் நமக்கு மனமில்லை. பண்ணையாரின் களத்துமேட்டில் கட்டுண்டு கிடந்தவனுக்கு 'போய்விடலாம்' என்ற ஒரு வழியைக் கப்பல் காட்டியது உண்மை. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சொன்ன பிறகும் கிராமத்தில் எதுவும் மாறவில்லை. மாற்றியவற்றுள் ஒன்று இந்தக் கடல் வழி. கூலி வேலைக்கு ஆள் கிடைக்காமல் போகிறதே என்று நில உடைமையாளர்கள் அரசிடம் புலம்பியதே அதற்குச் சாட்சி. அதே கடலை நம் முன்னோடிகள் வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் ரங்கூனுக்கும் டர்பனுக்கும் கப்பலேறிப் போய் வாசிக்கப்பட்டது. தலித் அரசியலின் தொடக்க காலத்தைக் கடல் இல்லாமல் எழுத முடியாது.

இனி மண்டபம் கேம்ப்புக்கு வருவோம். ரயில் நிலையத்தின் பெயர் அது. அஞ்சல் நிலையத்தின் பெயரும் அது. தினமும் சொல்கிறோம். எந்த கேம்ப், யாருடைய கேம்ப் என்று நம் பிள்ளைகள் கேட்டால் 'அகதிகள் முகாம்' என்று பதில் வரும். அது பிந்தைய கதை.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 20 மைல் கடலை நீராவிக் கப்பல்கள் கடக்கத் தொடங்கின. சென்னையில் போட் மெயில் ஏறினால் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். தென்னிந்திய ரயில்வே ஓட்டிய அந்தக் கப்பல்களின் பெயர்களைப் பாருங்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பின்னர் இர்வின், கோஷன். நான்கு வைஸ்ராய்கள், ஒரு சென்னை கவர்னர். கப்பலுக்கு இருந்த பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. அதில் போன நம்மவர்களுக்கு அன்று பெயர்கூடத் தேவைப்படவில்லை, எண் போதுமானதாக இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்ட நிர்வாகம் கொண்டுவந்த 'தகர டிக்கெட்' முறை அது. தோட்டத்தின் குறியீடும் எண்ணும் பொறித்த தகரத் தகட்டைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக்கொள்வார்கள். சரக்குப் பெட்டிக்கு முகவரி ஒட்டுவதைப் போல. வழிச்செலவு இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கடனாகக் கங்காணியின் கணக்கில் ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் தலையில் இறங்கியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கடன் என்று எழுதிய 'துண்டு' கையில் இருக்க வேண்டும். கடனை வாங்கிக்கொள்ளும் புதுத் தோட்டம்தான் ஆளையும் வாங்கிக்கொள்ளும். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தடத்தில் இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம்தான் மண்டபம் கேம்ப். பிளேக், காலரா, அம்மை தங்கள் தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூலிக்குச் செல்வோரைப் பல நாள்கள் இங்கே அடைத்து வைத்தார்கள். துணிகளைக் களைந்து ஆவியில் அவித்தார்கள். அம்மை குத்தினார்கள். ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதினார்கள். பிறகுதான் தனுஷ்கோடி ரயில், கப்பல், தலைமன்னார், மலை. கங்காணியின் பின்னால் வந்த நம் மக்களுக்கான ஏற்பாடு இது. முதல் வகுப்பில் தொப்பி போட்டுக்கொண்டு போனவர்களுக்கு இந்தக் கேம்ப்பில் வேலை இருக்கவில்லை. நோய் எல்லோரையும் தொற்றும். ஆனால் சந்தேகம் மட்டும் மூன்றாம் வகுப்பைத்தான் தொற்றியது.

தூத்துக்குடி–கொழும்புத் தடத்தைப் பற்றி நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள், வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணக் குறைப்பு, சிறை, செக்கு. அந்தத் தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம். அந்தத் தடமும் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் போய்வந்த தடம்தான். கப்பல் யாருடையது என்ற போராட்டத்தை நம் பாடநூல் விரிவாகச் சொல்கிறது. அதில் யார் ஏறினார்கள் என்பதைச் சொல்ல அதற்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

1939-இல் இலங்கைக்குக் கூலி வேலைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்ப்பில் இயங்கியது. அதன் தலைமையகம் பின்னாளில் கொச்சிக்குப் போனது. மறு ஆண்டே, 1948-இல், இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. காப்பியும் தேயிலையும் நட்டுக் கொடுத்தவர்கள் 'கள்ளத்தோணி' ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரின் கணக்கு: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக் கிடையைப் பங்கு போடுவதுபோல நடந்த அந்தப் பேச்சில், பிரிக்கப்பட்டவர்களின் குரல் எந்த மேசையிலும் கேட்கப்படவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் முடியும் முன்பே, டிசம்பர் 22-23 இரவில் புயல் தனுஷ்கோடியை அடித்துச் சென்றது. துறையும் போயிற்று, ரயிலும் போயிற்று. ஆனாலும் திருப்பி அனுப்புவது நிற்கவில்லை. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. தாத்தாவை ஏற்றிச் சென்ற அதே கடலில் பேரனை இறக்கிவிட்டார்கள். இறங்கியவர்கள் மறுபடியும் மண்டபம் கேம்ப்பில்தான் தங்கினார்கள். அங்கிருந்து நீலகிரித் தேயிலைக்கு, கன்னியாகுமரி ரப்பருக்கு, நூற்பாலைக்கு, 'தொழில் கடன்' என்ற பெயரில் எங்கோ ஒரு ஊருக்கு. மொத்தம் சுமார் 1.16 லட்சம் குடும்பங்கள், 4.6 லட்சம் பேர். 1984-இல் கப்பல் நின்றது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான் முதல் கூரையாயிற்று. 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களுக்கும் அதே இடம்தான்.

ஒரே இடத்தில் போகும்போது அடைக்கப்பட்டு, திரும்பும்போது தங்க வைக்கப்பட்டு, தப்பி வந்தபோதும் தங்க வைக்கப்பட்ட மக்கள் வேறு யாரும் இந்தக் கடற்கரையில் இல்லை. இது வெறும் பழங்கதையாக இருந்தால் ஓர் அருங்காட்சியகச் சுவரோடு நாமும் நிறுத்திக்கொள்வோம். இதில் இன்றைய பிள்ளைகளின் படிப்பும் வேலையும் சிக்கிக் கிடக்கின்றன.

தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது. அலுவலகத்தில் முதலில் கேட்பது, 'பூர்வீகம் எது?' கொள்ளுத்தாத்தா கடலேறிய ஊரின் பெயர் வீட்டில் யாருக்காவது அரைகுறையாக நினைவிருக்கும். அந்த ஊரில் போய் விசாரித்தால், நூறாண்டுக்கு முன் போனவனை அடையாளம் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிலம் இருந்தால் பட்டாவில் பெயர் இருக்கும். நிலம் இல்லாததால்தானே போனார்கள்? 'சிலோன்காரர்' என்று ஊர் சொல்கிறது. காலனியில்தான் குடியிருப்பு, தனிக் குவளையும் தெரிந்ததுதான். தீண்டாமை காட்டுவதற்கு ஊர் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. சலுகை என்று வரும்போது மட்டும் நான்கு தலைமுறைக்கு ஆவணம் கேட்கப்படுகிறது. தாசில்தார் அலுவலகப் படிக்கட்டில் ஏறி இறங்கிக் கல்லூரிச் சேர்க்கை நாளைத் தவறவிட்ட பிள்ளைகளை நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் நம் அமைப்புகளில் வேலை செய்வோர் எல்லோரும் அறிவார்கள்.

முகாம்களில் இருக்கும் மலையக வம்சாவளியினரின் நிலை இன்னும் மோசம். 1964 ஒப்பந்தத்தின்படி வந்திருந்தால் அவர்கள் இந்தியக் குடிமக்கள். கலவரத்துக்குப் பயந்து படகில் வந்ததால் அயல்நாட்டார். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினர் என்ற அடிப்படையில் குடியுரிமை கேட்டவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வழி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாற்றம் மரியாதைக்குரியது. உள்ளே இருப்பவரின் நாடு எது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இந்த விஷயத்தில் பிற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பது பயன் தரும். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலிலிருந்து இறங்கிய இடமான ஆப்ரவாசி காட், 1849-இல் கட்டத் தொடங்கிய கட்டடங்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அந்தப் படிகளில் கால் வைத்தார்கள். இன்று அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்; 2006-இல் அந்தத் தகுதி கிடைத்தது. வந்தவர்களின் பதிவேடுகளும் புகைப்படங்களும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பேரன் பேத்திகள் போய்ப் பார்க்கலாம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்களும் அப்படியே. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் போய் நின்ற 'ட்ரூரோ' முதல் எல்லாக் கப்பல்களுக்கும் பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடலில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு அது. இன்று அந்த வம்சத்தார் தங்கள் ஊரைத் தேடித் தமிழகத்துக்கு வருவதற்கு அதுவே வழிகாட்டி.

2024 மார்ச்சில் மொரீஷியஸ் சென்ற குடியரசுத் தலைவர், அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் ஏழாவது தலைமுறைக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்க வழி செய்யப்படும் என்று அறிவித்தார். மகிழ்ச்சி. ஏழு தலைமுறைக்கு முன் கப்பலேறியவரின் பதிவேட்டை இந்திய அரசு நம்புகிறது என்றால், மூன்று தலைமுறைக்கு முன் மண்டபத்தில் எழுதப்பட்டவரின் பதிவேட்டை ஏன் நம்பக் கூடாது? மொரீஷியஸ் அட்டை கேட்பவர் முதலீட்டோடு வரலாம், முகாமில் இருப்பவர் ரேஷன் அட்டையோடு நிற்கிறார் என்பது தவிர வேறு வேறுபாடு நமக்குத் தெரியவில்லை.

எனவே நாவாய் அருங்காட்சியகத்தை வெறும் காட்சிக்கூடமாக நிறுத்திவிடாமல் ஆவணக்கூடமாகவும் ஆக்க வேண்டும் என்கிறோம். மண்டபம் கேம்ப் தொடர்பான பதிவேடுகள், கப்பல் பட்டியல்கள், இலங்கைத் தோட்டங்களின் பேரேடுகள், 1964-க்குப் பின் வந்தவர்களின் குடும்ப அட்டை விவரங்கள் ஆகியவற்றைச் சென்னை ஆவணக் காப்பகம், இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகம் ஆகிய இரண்டின் துணையோடு தேடித் தொகுத்து, மின்வடிவில் இங்கே வைக்க வேண்டும். 21 கோடியில் இதற்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது. ஒரு கப்பல் மாதிரிக்குச் செலவழிப்பதில் பாதி போதும் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பதிவேடு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதில் உள்ள பெயரையும் சாதியையும் ஊரையும் சாதிச் சான்றிதழுக்கான சான்றாக ஏற்கலாம் என்று வருவாய்த் துறை அரசாணை வெளியிட வேண்டும். அது வராவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டைப் பிள்ளை பார்த்துவிட்டு மறுபடியும் அதே அலுவலகப் படிக்கட்டுக்குத்தான் போக வேண்டும்.

பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தைப் பார்க்கும்போது நம்மில் பலருக்கு உடல் கூசும். அதை மறைத்துவிடலாம், காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று நம் பக்கத்திலிருந்தே சிலர் சொல்லக்கூடும். வெளிநாடுகளில் சில குடும்பங்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடன் பக்கத்தை மூடிவிடுகின்றன என்பதும் கேள்விப்படுவதுதான். அவரவர் விருப்பம். ஆனால் யார் கடலேறினார்கள் என்ற கேள்விக்கு மறுக்க முடியாத விடையாக இருப்பது அந்தக் கட்டம்தான். அதை அழித்துவிட்டால், 'தமிழர்கள் கடல் கடந்து சென்றார்கள்' என்ற பொதுவான பெருமிதத்தில் நாமும் கரைந்துபோவோம்.

கட்டடத்தின் வரைபடம் முடிவாகும் முன்பே பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்கான ஆலோசனைக் குழுவில் தொல்லியல் அறிஞர்கள் இருப்பார்கள், இருக்கட்டும். தாயகம் திரும்பியோரின் பிரதிநிதி ஒருவர், மலையக வரலாற்றை எழுதிய ஒருவர், மண்டபம் முகாமில் வாழும் ஒருவர் என மூன்று நாற்காலிகளை நாம் கேட்கிறோம். மாவட்ட ஆட்சியரிடம் அளிக்க இருக்கும் மனுவில் கையெழுத்திட விரும்புவோர், தங்கள் வீட்டுப் பெட்டியில் இலங்கைத் தோட்டத்துத் துண்டோ, தகர டிக்கெட்டோ, பழைய குடும்ப அட்டையோ இருந்தால் அதன் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.